அம்மா எங்கே என்று யாராவது கேட்டால்

என் மனைவி மன்னாருக்குப் போனது அவளுடைய தாய் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டதால். பத்துப் பதினைந்து நாளில் வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் கொழும்பில், புறக்கோட்டையில் பஸ் ஏறினாள். அப்போது வடக்கில் சண்டை ஓய்ந்திருந்தது. பஸ் போய் வந்துகொண்டிருந்தது. அவள் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே சண்டை திரும்பத் தொடங்கிப் பாதையை மூடிவிட்டார்கள். தபால் நின்றது. அந்தப் பக்கத்தில் ஆட்கள் ஊரோடு எழும்பிக் காட்டுக்குள் போகிறார்கள், தேவாலயங்களில் தங்கியிருக்கிறார்கள், சிலர் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். அவள் எதில் சேர்ந்தவள் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

நாங்கள் கொட்டாஞ்சேனையில், ஒரு வயதான அன்ரியின் வீட்டுப் பின்பக்கத்தில் இரண்டு அறைகளில் வாடகைக்கு இருந்தோம். அன்ரி கணவனை இழந்தவர். எங்களைப் போலவே வேதக்காரர், கத்தோலிக்கர். எங்களுக்கு ஒரே மகள். அவளுக்கு அப்போது எட்டு வயது. அந்த ஆண்டு முதல் நற்கருணையை, புதுநன்மையை, வாங்க வேண்டிய பிள்ளை. சனிக்கிழமைகளில் கோவிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் சிஸ்டர் ஒருவர் தேவ கட்டளைகளை, கற்பனைகள் பத்தையும், ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுப்பார். வீட்டில் அதை அவளிடம் கேட்டுச் சரிபார்ப்பது என் மனைவியின் வேலையாக இருந்தது. இப்போது என் வேலையாகிவிட்டது.

நான் துறைமுகத்தில் சரக்கு எடுத்துக்கொடுக்கும் ஒரு கம்பனியில் வாஃப் கிளார்க். அந்தத் தொழிலில் நாளைக்கு என்றால் அடுத்த கிழமை என்று அர்த்தம். அது எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் அதைப் பொய் என்று எண்ணுவதில்லை. ஆனால் வீட்டுக்குள் நான் வேறு ஆள். அதற்குக் காரணம் இருந்தது. என் அப்பா கப்பலில் வேலை செய்தவர். நான் சின்னவனாக இருந்தபோது ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அப்பா வருவார் என்று என் அம்மா சொல்வா. எனக்கென்று ஒரு புதுச் சேர்ட்டைக்கூட அந்த நாளுக்காக எடுத்து வைப்பா. அவர் வேறொரு துறைமுகத்தில் வேறொரு குடும்பத்தோடு இருக்கிறார் என்பதைப் பள்ளிக்கூட மைதானத்தில் வகுப்புப் பொடியன் ஒருவன் சொல்லித்தான் அறிந்தேன். அப்பா வராதது பிறகு பிறகு மறந்துபோனது. அம்மா சொன்னதை மறக்கவில்லை. எனக்குப் பிள்ளை பிறந்தால் அதற்கு நான் தெரியாததைத் தெரிந்தது போலச் சொல்வதில்லை என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளை பிறந்தபின் அதைக் கோவிலில் வைத்துச் செபமாகவும் சொன்னேன்.

பாதை மூடிய முதல் மாதத்தில் ஒரு மாலை, செபமாலை முடிந்து முழந்தாளில் இருந்தபடியே மகள் கேட்டாள்.

"அப்பா, அம்மா எப்ப வருவா?"

"தெரியாது மகள்."

"கிறிஸ்மஸுக்கு வந்திடுவாவா?"

"அதுவும் தெரியாது."

அவள் மாதா சுரூபத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மெதுவாக, "உயிரோட இருக்கிறாவா?" என்று கேட்டாள். எட்டு வயதுப் பிள்ளை இதைக் கேட்கும் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை. பெரியவர்கள் கதைப்பதை எங்கேயோ கேட்டிருக்கிறாள்.

"அதுவும் எனக்குத் தெரியாது," என்றேன். "இருக்கிறா எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. இல்லை எண்டும் ஒருத்தரும் சொல்லேல்ல. இருக்கிறா எண்டு நினைச்சுத்தான் நான் மன்றாடுறன்."

"அப்ப நானும் அப்பிடி மன்றாடுறன்," என்றாள். அழவில்லை. ஆனால் அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை.

இது அன்ரியின் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் காலையில் அவர் முன்விறாந்தையில் மகளுக்குத் தலைபின்னிக்கொண்டிருந்தார். மனைவி போன பிறகு அவர்தான் அதைச் செய்துவந்தார். மகள் எழும்பிப் போனதும் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, சின்னப் பிள்ளைகிட்ட இப்பிடியா சொல்றது? கிறிஸ்மஸுக்கு வருவா என்டு சொன்னா என்ன குறையப் போகுது? கிறிஸ்மஸ் வரும்போது பார்த்துக்கலாம்."

"வராட்டி என்ன சொல்றது அன்ரி?"

"ஈஸ்டருக்கு என்டு சொல்லுங்க." அவர் சீப்பில் சிக்கிய முடியை எடுத்துச் சுருட்டியபடியே இருந்தார். "நீங்க உண்மை பேசுறவர்தான். அதுக்காகப் பிள்ளைய வதைக்கலாமா?"

அவர் சொன்னதில் அன்பு இருந்தது என்பது எனக்குத் தெரியும். என்னைச் சுற்றியிருந்த எல்லாருமே அப்படித்தான் சொன்னார்கள். வேலை செய்யும் கந்தோரில் சொன்னார்கள், பூசை முடிந்து வாசலில் நிற்கும்போது சொன்னார்கள். எனக்கு இதைப் பற்றிக் கதைக்க வேண்டிய ஒரே ஆள் என் மனைவி. அவளோ நான் எதைப் பற்றிக் கதைக்க வேண்டுமோ அதுவாகவே இருந்தாள். வேலை முடிந்து வரும் வழியில் சில நாள் கோவிலுக்குள் போய்ப் பின்வாங்கில் சும்மா இருப்பேன். மன்றாட வார்த்தை வராது. மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு எழும்பி வந்துவிடுவேன்.

கிறிஸ்மஸ் வந்தது, போனது. கொழும்பில் பொலிஸ், இராணுவச் சோதனை கூடிக்கொண்டே போனது. வடக்கிலிருந்து வந்தவர்களை லொட்ஜுகளிலிருந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்தவன், அடையாள அட்டையிலும் அப்படித்தான் இருந்தது. அதனால் பெரிய தொல்லை இல்லை. ஆனால் என் மனைவி மன்னாரில் என்று தெரிந்தால் இயக்கத்தோடு தொடர்பு என்பார்கள் என்று அன்ரிக்குப் பயம் பிடித்துவிட்டது. ஒரு நாள் நான் வேலையால் வந்தபோது மகள் கேற்றடியிலேயே காத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, யாராவது அம்மா எங்க எண்டு கேட்டா நீர்கொழும்பில இருக்கிறா எண்டு சொல்லச் சொல்லி அன்ரி சொன்னா. அப்பிடிச் சொல்லட்டா?"

"அம்மா நீர்கொழும்பிலயா இருக்கிறா?"

"இல்லை."

"அப்ப சொல்லாத."

"அன்ரி கோவிப்பா."

"அன்ரியோட நான் கதைக்கிறன். நீ உண்மையைச் சொல்லு, காணும்."

இப்போது நினைத்தால் அந்த நேரத்தில் அது எவ்வளவு சுலபமாக என் வாயிலிருந்து வந்தது என்று தோன்றுகிறது. சிஸ்டர் அந்தக் கிழமை எட்டாம் கற்பனையை, பொய்ச்சாட்சி சொல்லாதே என்பதைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். பிள்ளைக்கு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திப்போனது. துள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

மகளுக்குக் காதுவலி வந்து பொரளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது அதற்குச் சில கிழமைகள் கழித்து. மருந்து எடுத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வரும்போது வழியில் நிற்பாட்டி எல்லாரையும் இறக்கினார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. மகள் என் கையை விடாததால் என்னோடு நின்றாள். என் முறை வந்தது. அட்டையைப் பார்த்த ஆமிக்காரன் மிகவும் இளவயது. எங்கே இருக்கிறாய், எங்கே வேலை, எங்கே போய் வருகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான். சொன்னேன். அட்டையைத் திருப்பிக் கையில் தந்தும் விட்டான். பிறகு மகளின் காதில் வைத்திருந்த பஞ்சைப் பார்த்து அவனுக்கு இரக்கம் வந்ததோ என்னவோ, குனிந்து சிரித்தபடி, "நங்கி, அம்மா கோ?" என்று கேட்டான். தங்கச்சி, அம்மா எங்கே?

அது விசாரணை அல்ல. பிள்ளைகளைக் கண்டால் யாரும் கேட்கிற கேள்வி.

மகள் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிப்பது போல நேராக நின்று, "அம்மா மன்னாரமே," என்றாள். அம்மா மன்னாரில்.

அவனுடைய சிரிப்பு போய்விட்டது. கோபம் வரவில்லை, பயந்தவன் போலத்தான் எனக்குத் தெரிந்தது. தள்ளி நின்ற மேலதிகாரியைத் திரும்பிப் பார்த்தான். அவர் வந்தார். என் அட்டையைத் திரும்ப வாங்கினார். பஸ் எங்களை விட்டுவிட்டுப் போனது.

பொலிசில் என்னை உள்ளே வைத்துக் கேட்டார்கள். மனைவி ஏன் போனாள், அவளுக்குச் சகோதரர்கள் எத்தனை பேர், அவர்கள் எங்கே, எத்தனை மாதமாகத் தொடர்பில்லை, தொடர்பில்லை என்றால் அவள் அங்கே என்ன செய்கிறாள் என்பது உனக்கு எப்படித் தெரியும். கடைசிக் கேள்விக்கு நான் தெரியாது என்றுதான் சொன்னேன். மகளிடம் சொன்ன அதே பதில். அங்கே அது நன்றாக எடுபடவில்லை. மகள் வெளியில் வாங்கில் இருந்தாள். ஒரு பெண் பொலிஸ் அவளுக்குத் தின்னப் பணிஸ் வாங்கிக்கொடுத்ததாகப் பிறகு அறிந்தேன். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். மாலையில் எப்படியோ அறிந்து அன்ரி வந்து அவளைக் கூட்டிப்போனார். மறுநாள் பின்னேரம் கோவில் பாதர் வந்து எனக்காகக் கதைத்த பிறகு என்னை விட்டார்கள். யாரும் என்னை அடிக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்தபோது மகள் அறை மூலையில் கதிரையில் இருந்தாள். வழக்கமாக ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிற பிள்ளை எழும்பவில்லை. நான் பக்கத்தில் போய் நிலத்தில் இருந்தேன்.

"காது நோகுதா?"

இல்லை என்று தலையாட்டினாள். பிறகு கேட்டாள். "நீர்கொழும்பு எண்டு சொல்லியிருந்தா உங்களைப் பிடிச்சிருக்க மாட்டாங்கள்தானே?"

அப்படிச் சொல்லியிருந்தாலும் பிடித்திருப்பார்கள் என்று சொல்லியிருக்கலாம். அன்ரி கதவடியில் நின்று கண்ணால் அதைத்தான் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஆனால் அவளுக்கு எட்டு வயது, புத்தியில்லாத விசரி அல்ல. பஸ்ஸில் ஏறப்போன எங்களை எது நிற்பாட்டியது என்பதை அவள் தன் கண்ணாலேயே பார்த்தவள்.

"ஓம் மகள். பிடிச்சிருக்க மாட்டாங்கள்."

"அப்ப நான் செய்தது பிழையா?"

"இல்லை. நீ செய்தது சரி."

"சரி எண்டா ஏன் உங்களைப் பிடிச்சவங்கள்?"

யேசுவையும் உண்மையைச் சொன்னதற்குத்தானே பிடித்தார்கள் என்று பிரசங்கத்தில் கேட்டது வாய்வரை வந்தது. ஆனால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. "எனக்கு விளங்கேல்ல மகள்," என்றேன். அவள் என் தோளில் தலையை வைத்தாள். காதுப் பஞ்சு என் கழுத்தில் உரசியது.

அந்த நாளுக்குப் பிறகு அவள் வெளியாட்களோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். கடைக்காரர் எப்படி இருக்கிறாய் என்று கேட்டாலும் பதில் வராது. பொய்யும் சொல்வதில்லை, உண்மையும் சொல்வதில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு என் சேர்ட்டின் பின்னால் போய்விடுவாள். முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு முந்தின நாள், என்னென்ன பாவம் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தவள், "அப்பாவைப் பொலிசில விட்டதையும் பாதரிட்டச் சொல்ல வேணுமா?" என்று கேட்டாள். அது பாவமில்லை என்று சொன்னேன். "அப்ப எனக்கு ஏன் பாவம் செய்த மாதிரி இருக்கு?" என்றாள். அவளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். வேறென்ன செய்வது.

அன்ரியின் மூத்த மகன் பாமன்கடைப் பகுதியில் குடியிருந்தான். அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, அம்மாவுக்கு வயது போய்விட்டது, பொலிஸ் வாசலுக்கு வருகிற வீடாக இருக்க வேண்டாம் என்று மரியாதையாகத்தான் சொன்னான். அன்ரி உள்ளே இருந்து வெளியே வரவில்லை. நாங்கள் வெள்ளவத்தையில், கடலுக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் அனெக்ஸில் ஒற்றை அறை எடுத்துப் போனோம். போகும் முன் அன்ரியிடமும் பாதரிடமும் புதுவிலாசத்தைச் சொல்லிவிட்டுத்தான் போனேன். என் மனைவி வந்தால் முதலில் கொட்டாஞ்சேனைக்குத்தான் வருவாள்.

வெள்ளவத்தையில் சுற்றிவர யாழ்ப்பாணத்து ஆட்கள். நல்ல சனங்கள். ஆனால் அவர்களுக்குச் சைவக் கோயில், அவர்களுக்குள் சொந்தம், ஊர்ப்பேச்சு. நாங்கள் கொட்டாஞ்சேனை வேதக்காரர். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் அறையிலிருந்து கருவாட்டு வாசம் போனால் வீட்டுக்காரம்மா ஜன்னலைச் சாத்துவார், ஒன்றும் சொல்லமாட்டார். மகளுக்குத் தலைபின்ன ஆள் இல்லை. நான் பின்னினால் பள்ளிக்கூடம் போய்ச் சேருமுன் அவிழ்ந்துவிடும். ஒரு நாள் தானே கத்தரிக்கோலை எடுத்துக் காதுக்குக் கீழே வெட்டிக்கொண்டாள். "இப்ப சுகம் அப்பா," என்றாள். நான் சந்தோஷப்பட்டது போலத் தலையாட்டினேன். அவள் என்னைக் கூர்ந்து பார்த்து, "உங்களுக்குப் பிடிக்கேல்ல," என்றாள். பிடிக்கவில்லை என்று ஒத்துக்கொண்டேன்.

மாலையில் ரயில் பாதையைக் கடந்து கடற்கரைக்குப் போவோம். அவள் கல்லில் இருந்து கடலைப் பார்ப்பாள். அம்மாவைப் பற்றிக் கேட்பது குறைந்துகொண்டே போனது. செபத்தில் மட்டும் அம்மாவுக்காக என்று சொல்வாள், அதுவும் வேகமாக, மற்ற மன்றாட்டுகளோடு சேர்த்து. நான் இரண்டு பேருக்குமாகச் சமைத்து, இரண்டு பேருக்குமாகத் துவைத்து, ரயில் போகும்போது சுவர் அதிர்வதைக் கேட்டுக்கொண்டு கிடப்பேன். சொல்லப்போனால், என் மனைவி செத்துவிட்டாள் என்றே நான் நினைக்கத் தொடங்கியிருந்தேன். மகள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை.

மனைவி வந்தது ஒரு சனிக்கிழமை காலையில். ஒழுங்கையில் திரீவீலர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். முதலில் இறங்கியது அன்ரி. கையில் ஒரு சீலைப் பை. பிறகு அவர் கைகொடுத்து இன்னொருவரை இறக்கினார். அது என் மனைவி என்று அடையாளம் காண எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கன்னம் ஒட்டி, முன்தலை நரைத்து, வேறு யாருடையதோ சட்டை ஒன்றைப் போட்டிருந்தாள். வவுனியாவில் கொழும்புக்கு வரப் பாஸ் கிடைத்ததும் நேரே கொட்டாஞ்சேனைக்கு வந்திருக்கிறாள். அன்ரி அவளைக் குளிக்கவைத்து, சாப்பாடு கொடுத்து, தானே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

உள்ளே வந்து கட்டிலில் இருந்தாள். "அம்மா போயிட்டா," என்று முதலில் சொன்னாள். தன் தாயைச் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்து அவள் கையைப் பிடித்தேன். கை வெறும் எலும்பாக இருந்தது.

மகள் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். கிட்ட வரவில்லை.

"வா பிள்ளை, அம்மாகிட்ட வா," என்றார் அன்ரி.

மனைவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தலைமயிரை வெட்டிப்போட்டாய்," என்றாள். பிறகு, "என்னைத் தேடினியா மகள்?" என்று கேட்டாள்.

மகள் என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லட்டா என்று அந்தப் பார்வை கேட்டது எனக்கு நன்றாகத் தெரியும். நான் ஓம் என்றும் தலையாட்டவில்லை, வேண்டாம் என்றும் தலையாட்டவில்லை.

"முதல்ல ஒவ்வொரு நாளும் தேடினனான்," என்றாள். "பிறகு சில நாள் மறந்து போயிட்டன்."

"ஐயோ, அப்பிடிச் சொல்லாத பிள்ளை," என்று அன்ரி அவள் தோளைத் தொட்டார். "அம்மா எவ்வளவு பட்டுட்டு வந்திருக்கா."

"சொல்லட்டும் அன்ரி," என்றாள் என் மனைவி. கண்ணைத் துடைக்காமலே மகளிடம் சொன்னாள். "எனக்கும் அங்க சில நாள் உன்ர முகம் ஞாபகத்தில வராமப் போச்சு. எவ்வளவு யோசிச்சாலும் வராது. உன்ர சட்டை வரும், சப்பாத்து வரும். முகம் வராது."

மகள் கதவு நிலையிலிருந்து கையை எடுத்தாள். பிறகு வந்து கட்டில் நுனியில், தாயைத் தொடாமல் ஆனால் தொடக்கூடிய தூரத்தில் இருந்தாள். "எனக்கும் அப்பிடித்தான்," என்றாள். "உங்கட குரல்தான் வரும்." மனைவி அவளுடைய வெட்டின தலையைத் தடவினாள். அன்ரி வெளியே போய்ப் படியில் இருந்து மூக்கைச் சீறிக்கொண்டிருந்தார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது உண்மையாக இராது. ஒரே அறைக்குள் மூன்று பேர் ஒருவரை ஒருவர் பழக வேண்டியிருந்தது. மனைவி ரயில் சத்தத்துக்குத் திடுக்கிட்டு எழும்புவாள். சாப்பாட்டில் கொஞ்சத்தை எடுத்துத் துணியில் கட்டி வைப்பாள். தாய் எப்படிச் செத்தா, எங்கே அடக்கம் செய்தார்கள், காட்டுவழியில் யாரோடு போனாள் என்று நான் கேட்ட எதற்கும் பதில் சொல்லமாட்டாள். "பிறகு சொல்றன்," என்பாள். பிறகும் சொல்லவில்லை. நான் கேட்பதை விட்டுவிட்டேன்.

ஒரு பின்னேரம் நானும் மகளும் மட்டும் கடற்கரையில் இருந்தோம். மனைவி வர மனமில்லை என்று அறையில் இருந்துவிட்டாள். மகள் கேட்டாள்.

"அங்க என்ன நடந்தது எண்டு அம்மா ஏன் சொல்றா இல்லை?"

"சொல்ல ஏலாம இருக்கும்."

"மறைக்கிறதும் பொய்தான் எண்டு சிஸ்டர் சொன்னவா."

அவளுக்கு இத்தனை நாளும் நான் சொல்லிக்கொடுத்ததில் இதற்கு இடமே வைத்திருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "இது அது இல்லை மகள்," என்றேன். "அம்மா ஒண்டும் இல்லை எண்டு சொல்லேல்ல. இருக்கு, ஆனா சொல்ல ஏலாது எண்டு இருக்கிறா. அது பொய் இல்லை."

"உங்களுக்கும் அப்பிடி இருக்கா?"

"ஓம். இருக்கு."

அவள் என்ன என்று கேட்கவில்லை. ஒரு ரயில் தெஹிவளைப் பக்கமாகப் போனது. வாசலில் தொங்கிக்கொண்டு போன ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கும் இருக்கு," என்றாள்.

எல்லாவற்றையும் என்னிடம் வந்து சொல்லிவிடுகிற பிள்ளை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுடைய சின்ன முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தேன். கேட்க வேண்டும் போலத்தான் இருந்தது. கேட்காமல் பக்கத்தில் இருந்தேன். வெளிச்சம் குறைந்ததும் இரண்டு பேரும் எழும்பி மண்ணைத் தட்டிவிட்டு, தண்டவாளத்தைக் கடந்து, மனைவி இருந்த அறைக்கு நடந்தோம்.